அரைநாள் பிள்ளை, முழுநாள் அமானிதம்



கல்முனைக்குடியிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். தன் வீட்டில் நான்கு பிள்ளைகளைப் பகல் முழுவதும் பராமரித்து வருகிறார். இருவர் ஆசிரியைகளின் பிள்ளைகள், ஒன்று வங்கியில் பணிபுரிபவரின் பிள்ளை, ஒன்று பல்கலைக்கழக ஊழியரின் பிள்ளை. நான்கில் கடைசி பத்து மாதக் குழந்தை. காலையில் வந்து பின்னேரம் போகிறார்கள். அந்த வருமானத்தில்தான் அவரது சொந்தப் பிள்ளைகளின் படிப்புச் செலவு நடக்கிறது.

இப்போது ஒரே மாதத்தில் மூன்று தாய்மார் வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள். ஒருவர் ஆசிரியை. அவரது நான்கு வயது மகளுக்குப் பாலர் பாடசாலை பதினொன்றரைக்கு விடுகிறது. தாய் வந்து சேரும் இரண்டு மணி வரை பிள்ளையை வைத்திருக்க வேண்டும். மற்றவர் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் தையல் பயிற்சிக்குப் போகிறவர். அந்த இரண்டு நாளும் மூன்று வயது மகனைப் பார்க்க வேண்டும். மூன்றாமவர் வைத்தியசாலைத் தாதி. எட்டு மாதக் குழந்தை. ஒரு நாள் காலை ஏழு முதல் ஒன்று வரை கடமை, இன்னொரு நாள் ஒன்று முதல் ஏழு வரை, இடையிடையே இரவுக் கடமை. வாரத்தில் மூன்று நாள் போதும் என்கிறார். எந்த மூன்று நாள் என்பதை மட்டும் அவராலேயே சொல்ல முடியவில்லை.

“மௌலவி, இவர்களை எடுப்பதா விடுவதா? எடுத்தால் முழுநாள் பிள்ளைகளின் உம்மாமார் கோபிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. எடுக்காவிட்டால் அந்தத் தாதி வேலையை விட வேண்டி வருமாம். பிள்ளை வராத நாளுக்கும் சேர்த்துக் காசு வாங்கினால் அது எனக்கு ஹலாலாகுமா?” இதுதான் சகோதரியின் கேள்வி.

இது ஒரு வீட்டுக் கேள்வி போலத் தோன்றினாலும் நமது கரையோர ஊர்கள் அனைத்தினதும் கேள்வியாகும். மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை நமது வழக்கம் என்ன? மகளுக்கு வீடு கொடுத்து, மருமகனை அந்த வீட்டுக்கு எடுப்போம். ஆகவே பிள்ளை பிறந்தால் உம்மம்மாவின் மடி பக்கத்திலேயே இருந்தது. சாச்சிமார் அடுத்த வளவில் இருந்தார்கள். பிள்ளை பார்க்க ஒருவரைத் தேடிப் போகும் தேவையே எழவில்லை. இன்றோ பல வீடுகளில் உம்மம்மாவே இன்னும் ஓய்வு பெறாத ஆசிரியை. சாச்சியும் காலையில் ஒலுவிலுக்கோ சம்மாந்துறைக்கோ வேலைக்குப் போய்விடுகிறார். வேறு ஊருக்கு இடமாற்றம் பெற்று வந்த குடும்பங்களுக்கு அந்த மடியும் இல்லை.

லீவும் நீண்ட காலம் தாங்காது. அரச ஊழியரான தாய்க்கு முழுச் சம்பளத்துடன் 84 நாள் பிரசவ லீவு உண்டு. அதன்பின் அரைச் சம்பளத்தில் 84 நாளும், சம்பளமின்றி 84 நாளும் எடுக்கலாம். சம்பளமில்லாத அந்தக் கடைசிப் பகுதியை எத்தனை குடும்பங்களால் தாங்க முடியும்? அந்தத் தாதியின் குழந்தைக்கு எட்டு மாதம் என்று படித்ததுமே கதவைத் தட்டிய காரணம் எனக்கு விளங்கிவிட்டது.

முதலில் ஒரு தயக்கத்தை நீக்குவோம். “பிள்ளையைக் காசுக்குப் பார்ப்பதா?” என்று முகம் சுளிப்போர் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். நமது நாயகம் (ஸல்) அவர்கள் வளர்ந்த வரலாற்றை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். பஞ்ச காலமொன்றில் பனூ ஸஃத் கோத்திரத்துப் பெண்கள் பாலூட்டும் பிள்ளைகளைத் தேடி மக்காவுக்கு வந்தார்கள். தந்தையில்லாத பிள்ளை என்றதும் ஒவ்வொருவராக விலகினார்கள். கூலியும் அன்பளிப்பும் தந்தையிடமிருந்து வர வேண்டும்; தந்தை இல்லாத வீட்டிலிருந்து என்ன வரும் என்று எண்ணினார்கள். ஹலீமா (ரலி) அவர்களும் முதலில் அப்படித்தான் எண்ணினார்கள். வேறு பிள்ளை கிடைக்காதபோது, வெறுங்கையுடன் திரும்ப மனமின்றி, கணவரிடம் கலந்து பேசி அந்த யதீமை எடுத்துக் கொண்டார்கள். பிறகு அந்த வீட்டுக்கு வந்த பரக்கத்தை நாம் எல்லோரும் அறிவோம். நாம் அறிந்தும் கவனிக்காமல் விடுவது, எடுப்பதா விடுவதா என்று அவர்கள் கணக்குப் பார்த்ததை ஸீறா நூல்கள் மறைக்கவில்லை, குற்றமாகவும் எழுதவில்லை என்பதைத்தான். பிள்ளை பராமரிக்கும் பெண் தன் கூலியை நினைப்பது பேராசையல்ல. பிறர் மூலம் பாலூட்டச் செய்யும் பெற்றோர், பேசியதை முறையாகக் கொடுத்துவிட வேண்டும் என்பது திருக்குர்ஆன் வைத்த நிபந்தனை (2:233).

அரபுக் கல்லூரியில் ‘மின்ஹாஜ்’ ஓதிய நாட்களில் இஜாரா பாடத்தில் ஓரிடம் வரும். குழந்தை பராமரிப்புக்காக ஒருவரைக் கூலிக்கு அமர்த்துவது பற்றிப் பேசும் இமாம் நவவி (ரஹ்) அவர்கள், பராமரிப்பு என்றால் என்னவென்று விபரமாகச் சொல்கிறார்கள். பிள்ளையைக் காவல் காப்பது, தலையையும் உடலையும் உடுப்பையும் கழுவுவது, எண்ணெய் தேய்ப்பது, சுர்மா இடுவது, தொட்டிலில் கிடத்திக் கட்டுவது, தூங்குவதற்கு ஆட்டுவது என்றெல்லாம் அந்தப் பட்டியல் போகும். பாலூட்டுவது இதில் தானாக அடங்காது, அது தனி வேலை என்பதும் அங்கு வரும். மாணவப் பருவத்தில் இதை வாசித்துச் சிரித்திருக்கிறோம். தொட்டில் ஆட்டுவதற்கும் ஒரு சட்டமா என்று பேசிக் கொள்வோம். சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. அதைச் சொல்லாமல் இந்தச் சகோதரிக்குப் பதில் சொல்ல எனக்கு உரிமையில்லை.

2011ஆம் ஆண்டு. என் மனைவியும் ஆசிரியை. எங்கள் மூத்த மகனைப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு சகோதரியிடம் விட்டுவந்தோம். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது கணவரையும் வீட்டையும் இழந்தவர். வந்த நாளுக்குக் காசு என்பது நான் போட்ட ஒப்பந்தம். பிள்ளைக்குச் சளி என்றால் அன்று காசில்லை. மனைவிக்கு லீவு என்றால் காசில்லை. அந்த ஆண்டு ஓகஸ்டில் ரமழான் பிறந்தது. நமது பாடசாலைகளுக்கு ரமழான் விடுமுறை. மாதம் முழுவதும் மகன் எங்களோடு இருந்தான். நான் ஒரு சதமும் கொடுக்கவில்லை. அது தவறு என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

பெருநாளைக்கு முதல்நாள் ஸதக்கத்துல் ஃபித்ர் அரிசியைப் பங்கிடப் பள்ளிவாசலில் பெயர்ப் பட்டியல் போட்டார்கள். அதில் அந்தச் சகோதரியின் பெயரும் இருந்தது. எனது கையாலேயே அரிசியை அளந்து அவரது மகனிடம் கொடுத்தேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மாதம் முழுவதும் அவர் எனது மகனின் இடத்தை வேறு எவருக்கும் கொடுக்கவில்லை. விடுமுறை முடிந்ததும் என் மகன் திரும்பி வருவான் என்று காத்திருந்தார். அந்தக் காத்திருப்புக்கு நான் கொடுத்தது பூச்சியம். உரிமையாகக் கொடுக்க வேண்டியதை நிறுத்தி வைத்து, தர்மமாக அரிசி கொடுத்தவன் நான். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொல்லும் மார்க்கத்தை வகுப்பறையில் போதிப்பவனும் நான்தான். மறுநாள் அவரைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டு, நிலுவையைக் கொடுத்தேன். அவர் “பரவாயில்லை மௌலவி” என்று மட்டும் சொன்னார்.

ஆகவே சகோதரியின் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். கூலிக்கு அமர்த்துவதில் இரண்டு வகையை நமது சட்ட அறிஞர்கள் பிரித்துக் காட்டுவார்கள். ஒன்று, வேலைக்குக் கூலி. தையற்காரரிடம் சட்டை தைக்கக் கொடுப்பது இந்த வகை, தைத்தால்தான் காசு. மற்றது, நேரத்துக்குக் கூலி. குறித்த நேரத்தை உங்களுக்கென ஒதுக்கி ஒருவர் தயாராக இருந்தால், நீங்கள் வேலை கொடுக்காவிட்டாலும் அவரது கூலி உரியதாகிவிடும். கடையை வாடகைக்கு எடுத்தவர் பத்து நாள் பூட்டி வைத்தார் என்பதற்காகப் பத்து நாள் வாடகை குறையுமா? நீங்கள் பெற்றோருக்குக் கொடுப்பது உங்கள் வீட்டில் ஓர் இடத்தையும், உங்கள் நேரத்தையும். “இந்த நாள், இந்த நேரம், இவ்வளவு தொகை, பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும்” என்று முன்கூட்டியே இரு தரப்பும் விளங்கிப் பேசியிருந்தால் அந்தக் காசு உங்களுக்கு ஹலால். பேசாமல் இருந்துவிட்டு மாத முடிவில் கேட்டால் அங்கேதான் பிணக்கு வரும். நீதி இரு பக்கமும் இருக்க வேண்டும். உங்களுக்குக் காய்ச்சல் என்று நீங்கள் கதவைச் சாத்தினால், அந்த நாளுக்கு நீங்கள் வாங்கக் கூடாது.

இனி எடுப்பதா விடுவதா என்பதற்கு வருவோம். அரைநாள் பிள்ளை என்று நாம் சொல்கிறோம். ஆனால் வீட்டுக்குள் வந்த பிள்ளை அரைப் பிள்ளையாக இருப்பதில்லை. இரண்டு மணித்தியாலம் இருந்தாலும் அதற்குப் பசி முழுப் பசி, அழுகை முழு அழுகை, கிணறும் படியும் அதற்கு முழு ஆபத்து. எனவே மாதத்துக்கு எத்தனை பிள்ளை என்று கணக்கெடுக்காதீர்கள். ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளை என்று கணக்கெடுங்கள். இங்கிலாந்தில் தம் வீட்டில் பிள்ளை பராமரிக்கும் பெண்களுக்குச் சட்டமே இப்படித்தான் எண்ணுகிறது. தனியாகப் பார்ப்பவரிடம் ஒரே நேரத்தில் எட்டு வயதுக்குட்பட்டோர் ஆறு பேருக்கு மேல் இருக்கலாகாது. அவர்களில் பாடசாலை வயதை எட்டாத சின்னவர்கள் பொதுவாக மூவர்தான். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை பொதுவாக ஒன்றே ஒன்று. இதில் அவரது சொந்தப் பிள்ளைகளும் அடக்கம்.

அந்த எண் நமக்குப் பொருந்துமா என்று கேட்காதீர்கள். நமது கரையில் அதைவிடக் கடுமையான அளவுகோல் ஒன்று இருக்கிறது. 2012 ஏப்ரல் 11ஆம் திகதியை மறந்திருக்க மாட்டீர்கள். சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்து, சுனாமி எச்சரிக்கை வந்து, ஊரே மேற்கு நோக்கி ஓடியது. அல்ஹம்துலில்லாஹ், கடல் அன்று வரவில்லை. நிலம் அதிர்ந்தபோது மணி பகல் இரண்டைத் தாண்டியிருந்தது. பிள்ளைகள் சோறு தின்று படுத்திருக்கும் நேரம். அந்த நேரத்தில் உங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள். நடக்கத் தெரியாத பிள்ளை எத்தனை? உங்களுக்கு இருப்பது இரண்டு கை. ஒன்றைத் தூக்கி, மற்றக் கையில் ஒன்றைப் பிடித்தால், உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடிவரக்கூடியவர்கள்தான் மீதியாக இருக்கலாம்.

இந்த அளவுகோலை வைத்து மூன்று வேண்டுகோளையும் பார்ப்போம்.

நான்கு வயதுச் சிறுமி ஓடத் தெரிந்தவள், தானாகச் சோறு தின்னக் கூடியவள். நேரமும் நாளும் பாலர் பாடசாலையோடு கட்டுப்பட்டவை, மாறாதவை. எடுக்கலாம். ஆனால் பதினொன்றரை முதல் இரண்டு வரை என்பது நாளில் மிகக் கஷ்டமான நேரம் என்பதைத் தாய்க்கு விளக்குங்கள். சோறூட்டல், கழுவல், தூங்கவைத்தல், லுஹர் தொழுகை எல்லாம் அதற்குள்தான். இரண்டரை மணித்தியாலம்தானே என்று மணிக்கணக்கில் விலை பேச இடம் கொடுக்காதீர்கள். இரண்டு மணிக்கு வரும் தாய் வெளிக் கதவில் கூப்பிட்டுத் தூங்கும் பிள்ளைகளை எழுப்பாமல் இருப்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். வெள்ளிக்கிழமைகளில் பாடசாலை நேரம் வேறு என்பதால் அதையும் தனியாகப் பேசிக் கொள்ளுங்கள்.

இரண்டு நாள் வரும் மூன்று வயது மகனையும் எடுக்கலாம், நாள் மாறாது என்றால் மட்டும். இந்த வாரம் திங்கள், அடுத்த வாரம் வியாழன் என்று வரும் பிள்ளைக்கு ஒவ்வொரு வரவும் முதல் வரவுதான். ஒவ்வொரு முறையும் புதிதாக அழும். அந்த அழுகை மற்ற நால்வரையும் தொற்றும். அடுத்தடுத்த இரண்டு நாள், ஒவ்வொரு வாரமும் அதே நாள் என்று வைத்தால் பிள்ளைக்கு ஒரு தாளம் பிடிபடும். முதல் சில வரவுகளில் தாயும் சிறிது நேரம் கூடவே இருந்துவிட்டுப் போகட்டும்.

தாதியின் குழந்தை விஷயத்தில்தான் என் பேனா தயங்குகிறது. ஊருக்கே பணி செய்யும் பெண் அவர். நமது வீட்டுப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கும் கைகளும் அவை. ஆனாலும் சகோதரியே, உங்களிடம் ஏற்கெனவே பத்து மாதக் குழந்தை ஒன்று இருக்கிறது. நீங்கள் தனியாக இருக்கிறீர்கள். இரண்டு ஏணையிலும் ஒரே நேரத்தில் பிள்ளை அழுதால் எதை எடுப்பீர்கள்? ஓட வேண்டி வந்தால் இரண்டு கையிலும் இரண்டு. மற்றவர்களை யார் பிடிப்பது? இன்றைய நிலையில் எடுக்க வேண்டாம். இரக்கப்பட்டு எடுத்து, இரு அமானிதத்தையும் பாதியாக்குவது இரக்கமல்ல.

“முடியாது” என்ற சொல்லோடு கதவைச் சாத்தியும் விடாதீர்கள். உங்கள் தங்கையோ மச்சியோ சம்பளத்துக்குத் துணையாக இருக்கச் சம்மதித்தால் கணக்கு மாறும். கைகள் நான்காகும். அப்போது தாதியிடம் சொல்லுங்கள்: “கடமைப் பட்டியல் கையில் கிடைத்த அன்றே பிரதியைத் தாருங்கள். மாதத்துக்கு இத்தனை வரவு என்று நிலையான தொகை தாருங்கள். பின்னேரக் கடமை நாட்களில் ஏழு மணிக்குப் பிறகு பிள்ளையை எடுக்க வருபவர் யார் என்று இப்போதே சொல்லுங்கள். இரவுக்கு நான் பொறுப்பெடுக்க மாட்டேன்.” துணை கிடைக்கவில்லையா? உங்கள் நால்வரில் மூத்தவர் பாலர் பாடசாலைக்குப் போகும்போதும், பத்து மாதம் நடக்கத் தொடங்கும்போதும் இடம் வரும். அதுவரை நம்பிக்கையான வேறொரு வீட்டை நீங்களே காட்டிக் கொடுங்கள். உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தருக்கு எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியும்.

கூலிக் கணக்கையும் பார்ப்போம். உதாரணத்துக்கு, முழுநாள் பிள்ளைக்கு வாரம் ஐந்து நாள் வீதம் மாதம் 10,000 ரூபா என்று வைப்போம். இரண்டு நாள் பிள்ளைக்கு நேர் கணக்குப்படி 4,000 ரூபா. ஆனால் அந்த இடத்தின் மற்ற மூன்று நாள் வெறுமையாகக் கிடக்கும். அந்த 6,000 ரூபா வராது. வேறொரு தாய் அதே மூன்று நாளைக் கேட்டால் இடம் நிரம்பும். அப்போதும் உங்களுக்கு ஒரு பிள்ளையல்ல, இரண்டு பிள்ளை. இரண்டு பழக்கம், இரண்டு மருந்து, இரண்டு வீட்டுக் கதை. ஆகவே 5,000, 7,000 என்று சற்றுக் கூட்டி வைப்பது நியாயம். மற்றப் பாதி நிரம்பாது என்று தெரிந்தால், அந்த இழப்பில் ஒரு பங்கையும் கணக்கில் சேருங்கள். முழுநாள் பிள்ளை ஒன்று காத்திருக்கும்போது, கண்ணீருக்கு இரங்கிப் பாதி விலைக்கு இடத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு மனதுக்குள் அந்தத் தாயை வெறுக்காதீர்கள். தர்மமாகச் செய்ய நாடினால் தர்மம் என்ற நிய்யத்தோடு செய்யுங்கள். வியாபாரத்தையும் தர்மத்தையும் கலந்தால் இரண்டிலும் மனக்கசப்புத்தான் மிஞ்சும்.

பேசியதை எழுதுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதச் சொன்ன வேதம் நம்முடையது (2:282). ஒரு கொப்பித் தாள் போதும். நாட்கள், நேரம், தொகை, எந்தத் திகதியில் கொடுப்பது, பிள்ளை வராவிட்டால் என்ன, ரமழான் விடுமுறையில் எவ்வளவு, நிறுத்துவதானால் எத்தனை வாரத்துக்கு முன் சொல்வது, பிள்ளையை எடுத்துச் செல்ல உரிமையுள்ளவர்கள் யார் யார். அந்தப் பட்டியலில் இல்லாதவர் சொந்த மாமாவாக இருந்தாலும் தாயிடம் கேட்காமல் ஒப்படைக்காதீர்கள். பிள்ளையின் தடுப்பூசி விபரம் உள்ள சுகாதாரப் பதிவேட்டை ஒரு முறை பாருங்கள். பகுதிநேரப் பிள்ளைகள் கூடும்போது வீட்டுக்கு வரும் குடும்பங்களும் கூடும். சளியும் காய்ச்சலும் கூடும். காய்ச்சல் உள்ள நாளில் எந்தப் பிள்ளையும் வரக் கூடாது என்பது எல்லோருக்கும் ஒரே சட்டமாக இருக்கட்டும். கிணற்றுக்குக் கம்பி வலை மூடி, வெளிக் கதவுக்கு எட்டாத உயரத்தில் கொண்டி, இவை இரண்டும் இல்லாமல் ஒரு பிள்ளையையும் கூட்ட வேண்டாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும், முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். எண்ணிக்கையைக் கூட்டுமுன் ஒரு தடவை போய், பதிவு பற்றியும் வசதிகள் பற்றியும் கேட்டுவிடுங்கள்.

முழுநாள் பிள்ளைகளின் உம்மாமார் கோபிப்பார்களோ என்று பயந்தீர்கள். புதிய பிள்ளை வருவதற்கு முன் அவர்களிடம் நீங்களே சொல்லுங்கள். யார் வருகிறார், எந்த நேரம், அதனால் அவர்களது பிள்ளைக்கு எதுவும் குறையாது என்பதற்கு என்ன ஏற்பாடு என்று சொல்லுங்கள். கதவடியில் தற்செயலாகக் கண்டு தெரிந்து கொள்ளும்போதுதான் சந்தேகம் பிறக்கிறது.

கடைசியாக, இதை வாசிக்கும் வேலைக்குப் போகும் தாய்மாரே, அவர்களின் கணவன்மாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைக்காக ஒரு பெண் தன் வீட்டில் ஓர் ஏணையை வெறுமையாக வைத்துக் காத்திருக்கிறார் என்றால், அந்த வெறுமைக்கும் விலையுண்டு. எனக்கு அது ஒரு கொத்து அரிசியை அளந்து கொடுத்த இரவில்தான் விளங்கியது. உங்களுக்கு அதற்கு முன்னரே விளங்கட்டும்.

வஸ்ஸலாம்.